பெட்டியின் நீலம்

கல்யாணமான புதிதில் திருவொற்றியூரில் ஒற்றை அறை வீட்டுக்குக் குடிவந்தோம். பெயின்ட் அடித்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்காரம்மா சொல்லியிருந்தார். தினமும் போனில் அறைப் படங்களைப் பார்ப்பேன். எல்லாமே வெள்ளைச் சுவர், பெரிய ஜன்னல். எங்கள் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். ஜன்னல் வழியே வரும் கரித்தூளில் வெள்ளை ஒரு மாதம்கூடத் தாங்காது.

ஒருநாள் ராயபுரத்தில் அம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, கன்டெய்னர் லாரிகளின் வரிசையில் பஸ் சிக்கி நின்றுவிட்டது. அப்போதுதான் மழை விட்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு லாரியின் மேல் பழைய நீலக் கன்டெய்னர் பெட்டி. எத்தனையோ கடல்களின் உப்பும் வெயிலும் பட்டு அந்த நீலம் பால் கலந்ததுபோல வெளுத்திருந்தது. ஓரங்களில் துரு செங்கல் நிறத்தில் வழிந்திருந்தது. ஈரத்தில் மாலை வெயில் விழவும் பெட்டி மெல்ல மிதப்பதுபோல் இருந்தது. பஸ் நகராவிட்டால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் காட்டினேன். அவர் கன்டெய்னர் இழுக்கும் டிரெய்லர் லாரி ஓட்டுபவர். படத்தை ஒரு கணம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நாள் பூரா இத்த இழுத்துகினுதான் சுத்துறேன். வூட்லயும் இதுவா?”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே பைக்கை எடுத்து, ஏறு என்றார்.

பெயின்ட் கடை அண்ணாச்சி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“பெட்டி கலரா, துரு கலரா தாயி?”

இரண்டும் என்றேன்.

முதல் பூச்சில் அறையே இருண்டுவிட்டது. அழுகை வந்தது. அவர் நீலத்தில் வெள்ளையைக் கொட்டிக் கலக்கி மறுபடி ரோலரை உருட்டினார். ஜன்னலைச் சுற்றி மட்டும் துரு நிறத்தை நான் தீட்டினேன்.

சாயங்காலம் வெறுந்தரையில் இருவரும் படுத்துக்கிடந்தோம். சுவர் காயக் காய நீலம் வெளுத்துக்கொண்டே போனது. அறை எங்கோ மெதுவாக நகர்ந்துகொண்டிருப்பதாக எனக்குத் தோன்றியது.

“லாரில பாக்கசொல்ல இப்டி தெரில,” என்றார் அவர்.

கொஞ்ச நேரத்தில் அப்படியே தூங்கிப்போனார். அவர் கன்னத்தில் ஒட்டியிருந்த பெயின்ட்டைத் துடைக்க மனமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.