பொக்கவாய் பன்

1. வாசலில் விழுந்தவர்

அஞ்சலை அக்கா எங்கள் பேக்கரி வாசலில் மயங்கி விழுந்தபோது என் கையில் தேங்காய் பன் ட்ரே இருந்தது. அதை எங்கே வைத்தேன் என்று இப்போதும் நினைவில்லை. ஓடிப்போய்த் தலையைத் தூக்கிப் பிடித்தேன். உடம்பெல்லாம் வியர்வை, கை மட்டும் சில்லென்று இருந்தது. காலில் உப்பளத்துச் சேறு காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது.

சுனாமிக்கு அடுத்த வருஷம், கோடைக்காலம். மரக்காணம் கடைத்தெருவில் நான் பேக்கரி மாஸ்டர். சொந்த ஊர் கூனிமேடு. அதற்கு முன்னால் ஷார்ஜாவில் ஒரு ரொட்டி ஃபேக்டரியில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்திருந்தேன். கடைக்கு நேர் எதிர் மாடியில் ஒரு பல் கிளினிக். புதுச்சேரியிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்து பார்ப்பார். சத்தம் கேட்டு அவரே படியிறங்கி ஓடி வந்தார்.

"பாய், தண்ணியில நிறைய சர்க்கரை கலக்கி எடுத்துட்டு வாங்க. கண்ணத் திறக்கறாங்க, முழுங்குவாங்க. சீக்கிரம்!"

கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம். சிறிது நேரத்தில் அக்கா எழுந்து பெஞ்சில் உட்கார்ந்தார். டாக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்து நாடி பிடித்துக்கொண்டே கேட்டார்.

"காலையில சுகர் மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன்."

"என்ன சாப்பிட்டீங்க?"

"டீத்தண்ணி."

"மாத்திரை போட்டா கட்டாயம் சாப்பிடணும், இல்லன்னா மயக்கம் வரும்னு படிச்சிப் படிச்சி சொன்னேனே!"

"எத்த சாப்புடறது, தாயி? பல்ல எல்லாம் புடுங்கிட்ட. வாய மட்டும் வுட்டு வெச்சிக்கிற."

எனக்குச் சிரிப்பு வந்தது. டாக்டரம்மாவுக்கு வரவில்லை. ஈறு கெட்டுப்போய் ஆடிக்கொண்டிருந்த மேல்வரிசைப் பற்களைச் சில நாளைக்கு முன்னால் எடுத்தவர் அவர்தான். ஈறு ஆறி பல் செட் கட்ட மாசக்கணக்கில் ஆகும் என்று சொல்லியிருந்தார்.

அக்கா உப்பளத்தில் ஒரு பெண்கள் கேங்குக்குத் தலைவி. விடியும் முன்னே அளத்தில் இறங்கிவிடுவார்கள். கஞ்சி குடித்தால் என்ன என்று நான் கேட்டேன்.

"குடிச்சிட்டுத்தான் போவேன் பாய். ரெண்டு பாத்தி உப்ப வாரினா கரைஞ்சி பூடுது. இட்லிய தூக்குல எடுத்துட்டுப் போனேன். அளத்துக் காத்துல காஞ்சி தொண்டையில நிக்குது. தொட்டுக்க கொழம்பு ஊத்தினா புண்ணு எரியுது. நான் எங்க போவ?"

சொல்லும்போதே முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அந்தத் தெருவில் அவர் குரலுக்கு லாரி டிரைவர்களே ஒதுங்குவார்கள். அப்படிப்பட்டவர் வாயை மூடிக்கொண்டு பேசியதை அன்றுதான் பார்த்தேன்.

போகும்போது டாக்டரம்மா என்னிடம் தனியாகச் சொன்னார். "கீழ் ஈறுல சீழ் இருக்கு பாய். அந்தப் பல்லையும் எடுத்தாகணும். அது இருக்கிற வரைக்கும் சுகரும் கட்டுப்படாது. ஆனா ஒரு தடவ பட்ட பட்டினிக்கு பயந்துகிட்டு வரவே மாட்டேங்கறாங்க. உங்க கடையில சாஃப்டா, இனிப்பு இல்லாம என்ன இருக்கு?"

"எவ்வளவோ இருக்குது டாக்டர்" என்றேன். சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பார்த்தேன்.

2. கடை முழுக்கத் தேடியது

கடையில் மெத்தென்று இருந்ததெல்லாம் இனிப்பு: ஸ்பாஞ்ச் கேக், கிரீம் பன், ஜாம் ரோல், தேங்காய் பன். இனிப்பு இல்லாததெல்லாம் கல்: ரஸ்க், வர்க்கி, உப்பு பிஸ்கட், காரா பிஸ்கட். வெஜ் பஃப்ஸின் மேல்தாள் உடைந்தால் கண்ணாடிச் சில்லு போல் குத்தும். கண்ணாடி ஷெல்ஃப் நிறையச் சரக்கு, பல் இல்லாத ஒரு சுகர் பேஷண்டுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை. அத்தனை வருஷம் அடுப்படியில் நின்றும் எனக்கு இது உறைத்ததில்லை.

முதலில் சர்க்கரையைப் பாதிக்கும் கீழே குறைத்து ஸ்பாஞ்ச் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் அக்கா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"மாஸ்டரு, உன் கேக்கு பல்லு இருந்த குழிக்குள்ள பூந்து குடித்தனம் பண்ணுது. கெளப்ப முடியல."

டாக்டரம்மா ஊசி இல்லாத சிரிஞ்சில் உப்புத்தண்ணீர் அடித்துத் துகளை வெளியே எடுத்தார். உதிர்கிற எதையும் கொடுக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு வந்தது.

பிறகு பிரெட். மேலே உள்ள பழுப்புத் தோலை வெட்டிவிட்டு வெள்ளையை மட்டும் கட்டிக் கொடுத்தேன். வீட்டில் பாலில் நனைத்துச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, "கொழந்த கக்கனாப்புல இருக்குது" என்றார். நனைக்காமல் அளத்துக்கு எடுத்துப் போனதோ வெயிலும் காற்றும் பட்டு அட்டையாகிவிட்டது.

ஷார்ஜா ஞாபகத்தில் குபூஸ் என்ற தட்டை ரொட்டி சுட்டேன். அரபிகள் அதைச் சுருட்டி அப்படியே மடக்கி வாயில் போடுவார்கள். அக்கா ஈறால் இழுத்து இழுத்துப் பார்த்தார். பிறகு நிதானமாக என்னைக் கேட்டார்.

"பாய், இது துன்றதா? கால்ல போட்டுக்குறதா?"

முதலாளி கல்லாவிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன், ஆனால் வியாபாரி.

"ஏம்பா காதரு, ஒரு ஆளுக்காவ எவ்ளோ மைதாவ கொட்டுவ? சக்கர இல்லாத பன்ன எவன் வாங்குவான்? கடைக்குள்ள ஆஸ்பத்திரி நடத்துறியா?"

"நாலு நாள் குடுங்க மொதலாளி. வரலன்னா வுட்டுடறேன்."

"நாலு நாளு. அதுக்கு மேல அடுப்புகிட்ட நானே வந்து நிப்பேன்."

3. கஞ்சி காய்ச்சிய மாவு

அன்று மாலை சைக்கிளில் கூனிமேட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசனை. காய்ந்துபோகாத ரொட்டியை எங்கேயாவது பார்த்திருக்கிறேனா? பார்த்திருந்தேன். ஷார்ஜா ஃபேக்டரியில் ரோமி என்று ஒரு பிலிப்பைன்ஸ்காரர் என்னோடு வேலை செய்தார். மெஷின் ரொட்டி அவருக்குப் பிடிக்காது. ஷிஃப்ட் முடிந்ததும் தனக்கென்று சின்ன பன் போட்டுக்கொள்வார். அது இரண்டு நாள் கழித்தும் பஞ்சு மாதிரி இருக்கும். மாவில் ஒரு பிடியை எடுத்துப் பாலில் கரைத்து, அடுப்பில் கிண்டிக் கஞ்சி காய்ச்சி, அதை மிச்ச மாவோடு சேர்த்துப் பிசைவார். கஞ்சி தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும், சீக்கிரம் காய விடாது.

வீட்டுக்குப் போய் என் மனைவி ஹசீனாவிடம் சொன்னேன். "மைதாவுல கஞ்சியா? போஸ்டர் ஒட்டப் போறீங்களா?" என்றாள். இருந்தாலும் பால் பாத்திரத்தை எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் கடையில் முதல் தடவை கஞ்சி ஆறுவதற்குள் மாவில் சேர்த்துவிட்டேன். சூட்டில் ஈஸ்ட் செத்து மாவு எழும்பவே இல்லை. வெந்து வந்தது களி. அடுத்த தடவை நன்றாக ஆறவிட்டேன். ஈஸ்ட்டுக்கு மட்டும் ஒரு சிட்டிகை சர்க்கரை. உருண்டையைக் கிள்ளி விரித்தால் கிழியாமல் சவ்வு மாதிரி விரிகிற வரைக்கும் பிசைந்தேன். அந்த அளவுக்குப் பிசைந்தால்தான் பிய்க்கும்போது நூலாக வரும், துகளாக உதிராது. மெஷின் இல்லாத கடை, தோள் கழன்றுவிடும் போல இருந்தது. மேல்தோல் கெட்டியாகக் கூடாது என்பதற்காக டின்னுக்கு மூடி போட்டு, சூட்டைக் குறைத்து வைத்தேன். எடுத்த உடனே வெண்ணெய் தடவி ஈரத்துணியால் மூடினேன்.

துணியை எடுத்துப் பார்த்தபோது பன் வெளுப்பாக இருந்தது, அழுத்தினால் அமுங்கி மெல்ல எழும்பியது. ஒரு துண்டை வாயில் போட்டு, பல் படாமல் நாக்கால் மேலண்ணத்தில் வைத்து அழுத்தினேன். கரைந்து இறங்கியது. அடுப்படியில் தனியாக நின்று "அல்ஹம்துலில்லாஹ்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

கிளினிக்குக்கு எடுத்துப் போனேன். டாக்டரம்மா எக்ஸ்ரே வைக்கிற கறுப்பு உறையை மேஜையில் விரித்து, அதன்மேல் பன்னைப் பிய்த்தார். குனிந்து பார்த்தார். உறை சுத்தமாக இருந்தது.

"உதிரவே இல்ல பாய்! சூப்பர். ஆனா வெறும் மைதாவா இருக்கு. முட்டை சேர்க்க முடியுமா? பசி தாங்கும், புண்ணு ஆறவும் நல்லது. ஒரு நேரத்துக்கு எத்தனை சாப்பிடலாம்னு நான் அவங்களுக்கு சொல்றேன்."

அவர் சொன்னது சரிதான். முட்டை சேர்ந்ததும் பன்னுக்கு ஒரு கட்டும் வந்தது, ருசியும் வந்தது.

4. அளத்தில் பார்த்தது

அடுப்படியில் மெத்தென்று இருப்பது பெரிய விஷயமில்லை. உப்பளத்து வெயிலில் எப்படி இருக்கும்? அக்காவிடம் விடியலுக்கு முன்பே பன்னைக் கொடுத்தனுப்பிவிட்டு, காலை வியாபாரம் முடிந்ததும் முதலாளியின் மொபெட்டை வாங்கிக்கொண்டு அளத்துக்கே போனேன். அந்த வழியாக எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். உள்ளே இறங்கியது அதுதான் முதல் தடவை.

கண்ணைத் திறக்க முடியவில்லை, அவ்வளவு வெள்ளை. உப்புக் குவியல்களுக்கு நடுவே பெண்கள் கூடை சுமந்து வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். வேலை நிறுத்திச் சாப்பிட உட்காருகிற நேரம். எல்லாரும் வரப்பில் ஒன்றாக உட்கார்ந்து தூக்கைத் திறந்தார்கள். அக்கா மட்டும் கொஞ்சம் தள்ளி, அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பல் போன நாளிலிருந்து அப்படித்தான் என்று பக்கத்தில் இருந்த பெண் சொன்னாள். வாய் குழிந்துபோனதை யாரும் பார்க்கக் கூடாதாம்.

நான் ஒரு குவியலின் பக்கத்தில் நின்றேன். அக்கா துண்டை அவிழ்த்தார். பன்னை விரலால் அழுத்திப் பார்த்தார். ஒரு துண்டு பிய்த்து வாயில் வைத்தார். தாடை அசையவில்லை, கன்னம் மட்டும் லேசாக அசைந்தது. நின்றது. இன்னொரு துண்டு. பிறகு இன்னொன்று. பன் முழுதும் தீர்ந்தது. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார், ஒட்டியிருந்த ஒரு துணுக்கையும் நாக்கில் வைத்துக்கொண்டார்.

அப்புறம்தான் திரும்பினார். கூட்டத்தைப் பார்த்து, வாயை மூடாமல், பழைய குரலில் கூப்பிட்டார்.

"ஏண்டி, இங்க வாங்கடி! பாய் எனக்கின்னு செஞ்ச பன்னப் பாருங்க. வாயில வெச்சேன், நாக்குல அமுக்கினேன், அதுவா பூடுச்சி!"

ஒருத்தி எட்டிப் பார்த்து, "எங்களுக்கு ஒரு பிட்டு வெக்கக் கூடாதா?" என்றாள்.

"உனுக்குத்தான் முப்பத்திரெண்டு இருக்குதே, முறுக்கத் துன்னு! இது பொக்கவாய் பன்னு."

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். மேல் ஈறு முழுக்கத் தெரிந்தது. அவருக்கு அது கவலையாகவே இல்லை. நான் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு ரோட்டுக்கு வந்தபோது உப்புக் காற்றில் கண் எரிந்தது. காற்று மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன்.

5. பெயர் வந்த கதை

அக்கா வைத்த பெயரே நின்றுவிட்டது. முதலாளி "டாக்டர் பன்" என்று போர்டு எழுதப் பார்த்தார். டாக்டரம்மா மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "பல்லும் புடுங்கிட்டு பன்னும் விக்கறேன்னு சொல்லுவாங்க, வேணாம் சார்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். போர்டில் "பொக்கவாய் பன் இங்கு கிடைக்கும்" என்றே எழுதினோம்.

பல் பிடுங்கியவர்கள் கிளினிக் படியிறங்கி நேராக எங்கள் கடைக்கு வந்தார்கள். அனுமந்தையிலிருந்து படகுக்காரர்கள் வந்தார்கள். கோட்டக்குப்பத்திலிருந்து ஒரு பெரியவருக்காக அவர் மருமகள் பஸ் ஏறி வந்தாள். மகன் துபாயிலிருந்து அனுப்பும் பேரீச்சம்பழத்தைக்கூட மாமாவால் மெல்ல முடியவில்லை, இதை மட்டும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார் என்றாள். பல் நன்றாக இருந்தவர்களும் வாங்கினார்கள். சர்க்கரை இல்லாத பன்னை எவன் வாங்குவான் என்று கேட்ட முதலாளி, "நம்ம மாஸ்டர் ஃபாரின் டெக்னிக்குப்பா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் எனக்குப் பெரிய நாள் அதெல்லாம் இல்லை. மழை தொடங்கி அளத்து வேலை நின்ற சமயம், ஒரு நாள் காலையில் அஞ்சலை அக்கா நல்ல சேலை கட்டிக்கொண்டு தெருவில் வந்து நின்றார். மேலே கிளினிக் ஜன்னலைப் பார்த்தார். பிறகு கடையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"மாஸ்டரு! கீழ் பல்லையும் குடுத்துட்டு வந்துடறேன். நாளையிலேர்ந்து டெய்லி எனுக்குப் பன்னு எடுத்து வெச்சிடு. மறந்த, அடுப்புலயே உக்காந்துக்குவேன்."

"போய்ட்டு வாங்க அக்கா. நான் இருக்கேன்" என்றேன்.

தயங்காமல் படியேறிப் போனார்.

பல் எடுத்த பிறகு ஒரு நாள்கூட அவருக்கு மயக்கம் வரவில்லை. ஈறு ஆறியது, சுகரும் மெல்லக் கட்டுக்குள் வந்தது என்று டாக்டரம்மா சொன்னார்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கலரும் எழுச்சியும் ஷெல்ஃபுக்கு. நீங்கள் செய்த பண்டத்தை ஒரு ஆள் சாப்பிடும்போது ஒரு தடவையாவது பக்கத்தில் நின்று பாருங்கள். சரியில்லை என்று சொன்னால் கோபப்படாமல் கேளுங்கள். மிச்சத்தை அந்த வாயே சொல்லிக் கொடுக்கும். பரிசு, சர்டிஃபிகேட் என்று நான் எதுவும் வாங்கியதில்லை. என் பன்னை நம்பி ஒருவர் பல்லைக் கொடுக்கப் படியேறினார். ஒரு பேக்கரி மாஸ்டருக்கு அதற்கு மேல் என்ன பேர் வேண்டும்?