ரேடியோ வாயை மூடிய ஞாயிற்றுக்கிழமை

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது சம்பளச் சீட்டோடு சரி. வீடுகளுக்கு இணைய இணைப்பு கொடுக்கும் கம்பெனியில் பத்தொன்பது வருஷமாகப் பழுது பார்க்கும் அவரை, மேனேஜரிலிருந்து வாசல் காவலாளிவரை எல்லோரும் கூப்பிடுவது ரேடியோ என்றுதான். காலையில் வாயைத் திறந்தால் தூங்கப் போகும்வரை நிலையம் மூடாது. ஏணி உச்சியில் நின்று, கேபிளைப் பல்லில் கடித்துக்கொண்டும் பேசுவார். “ஏங்க, சிக்னல் உங்க வாய் வழியாத்தான் போகுதா?” என்று ஒரு வீட்டில் கேட்டதை அவரே ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் அந்த வாய்தான் அவருடைய தொழில் கருவி. மற்ற ஆட்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் ரவுட்டரைப் பிரித்துப் போடுவார்கள். இவர் அதைத் தொடவே மாட்டார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேச்சுக் கொடுப்பார். எப்போது நிற்கிறது, யார் இருக்கும்போது நிற்கிறது, வீட்டுக்குப் புதிதாக என்ன வாங்கினீர்கள்? ஒரு வீட்டில் சாயங்காலம் ஆனால் இணைப்பு படுத்துவிடும். நான்கு பேர் போய்த் தோற்று வந்தார்கள். ரேடியோ அரைமணி நேரம் ஊர்க்கதை பேசினார். அந்தப் பெட்டியின் பச்சை விளக்கு கண்ணை உறுத்துகிறது என்று மாமியார் தினமும் அதைத் தூக்கி எவர்சில்வர் டிரம்முக்குப் பின்னால் வைத்தது தானாக வெளியே வந்தது. “கோளாறு பெட்டியில இல்லப்பா, வீட்டுல இருக்கும். வீடு வாயைத் திறந்து சொல்லும்” என்பார்.

அப்படிப்பட்டவரைத்தான் ஒரு தச்சர் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

முதல் நாள் உள்ளே போனவர் வழக்கம்போல் ஆரம்பித்துவிட்டார். கதவைத் திறந்த அம்மாள் சிரித்த முகத்தோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மனுஷி குறுக்கே பேசாமல் ஐந்து நிமிஷம் தன் பேச்சைக் கேட்பது கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு நடந்ததில்லை. உற்சாகத்தில் இன்னும் கொஞ்சம் பேசினார். அப்புறம் அந்த அம்மாள் தன் காதைத் தொட்டு, இல்லை என்று கையை ஆட்டினாள். பின்னால் நின்ற கணவனையும் காட்டி அதே மாதிரி ஆட்டினாள். ரேடியோவுக்கு வெட்கத்தில் முகமெல்லாம் சூடாகிவிட்டது. அந்த அம்மாளுக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை.

தச்சருக்கும் தையல் வேலை செய்யும் அவர் மனைவிக்கும் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. கைகளால் பேசிக்கொள்வார்கள். வீட்டின் முன்னறையில் சுவரோடு சுவராக எட்டடி நீளத்துக்கு ஒரே பலகையில் மேசை. தச்சரே இழைத்தது. அதன் ஒரு கோடியில் அந்த அம்மாள் முதுகைக் காட்டி உட்கார்ந்து, பலகையில் முழங்கையை ஊன்றிப் பொத்தான் தைப்பாள். மறுகோடியில் செல்போனைச் சாய்த்து வைக்க ஒரு மரத் தாங்கி, அதன் பக்கத்தில் ரவுட்டர். அழைப்பு வந்தால் மின்னுகிற மாதிரி ஒரு சின்ன பல்பும் உண்டு. வீடு கீழ்த்தளம், சுற்றிலும் உயரமான கட்டிடங்கள். செல்போன் சிக்னல் வாசற்படியோடு நின்றுவிடும். வீடியோவில் பேசுவதற்கு அந்த ரவுட்டரை விட்டால் வேறு வழி இல்லை.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி எழுதிப் பேசினார்கள். ‘வீடியோவில் பேசும்போது நின்றுவிடுகிறது’ என்று எழுதினாள் அம்மாள். ‘அப்போது கரண்ட் போகிறதா?’ என்று கேட்டார் ரேடியோ. ‘இல்லை. விளக்கு எரியும், ஃபேன் சுற்றும்.’ சரி, கோளாறு கரண்டில் இல்லை என்று அந்தச் சந்தேகத்தை மனசுக்குள் அடித்துப் போட்டார். வெளியிலிருந்து வரும் கேபிளின் இணைப்பை மாற்றினார். ரவுட்டரையே மாற்றிப் புதிது வைத்தார். இரண்டு தடவை போய் ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். பெட்டி கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் வேலை செய்தது. மேனேஜர் கம்ப்யூட்டரில் ‘குறை எதுவும் இல்லை’ என்று போட்டு அந்தப் புகாரை மூடிவிட்டார்.

மூன்றாம் தடவை அந்த அம்மாளே ஆபீசுக்கு வந்துவிட்டாள். நேராக ரேடியோவிடம் போய் நோட்டை நீட்டினாள். இரண்டு பக்கம் எழுதியிருந்தது.

அவர்களுக்கு ஒரே மகள். அவளுக்குக் காது கேட்கும். ஐந்து வயதிலிருந்தே பேங்கில், ஆஸ்பத்திரியில், தச்சு வேலைக்கு விலை பேச வருபவர்களிடத்தில், அவள்தான் அப்பாவுக்கு வாயும் காதும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தூரத்து ஊரில் வேலை கிடைத்துப் போகிறேன் என்றாள். அப்பாவுக்குப் பயம். பயத்தைக் கோபமாகத்தான் காட்டத் தெரிந்தது. மகள் கையால் விளக்கிச் சொல்லிக்கொண்டே இருக்கும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டார். ‘எங்களுக்கு அது அடிப்பதைவிட மோசம். நீ பேசுவதைக் கேட்கமாட்டேன் என்று அர்த்தம்’ என்று அந்த அம்மாள் எழுதியிருந்தாள். மகள் துணிப்பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அம்மாவிடம் மட்டும் வீடியோவில் பேசுவாள். அப்போதெல்லாம் எந்தத் தடங்கலும் இல்லை. ஒரு மாதமாகத்தான் அப்பா மனசு இறங்கி, பல்பு மின்னினால் தானே எடுக்கிறார். அவர் எடுக்கும்போது மட்டும் நின்றுவிடுகிறது. கீழே மகள் அனுப்பிய செய்தியை அப்படியே எழுதியிருந்தாள்: ‘அப்பா முகம் தெரிஞ்ச அடுத்த நிமிஷம் கட்டாகுது. அவர் மறுபடியும் கண்ணை மூடிக்கிறாருன்னு புரியுது. ஞாயித்துக்கிழமை நாலு மணிக்குக் கடைசியா ஒரு தடவை கூப்பிடுறேன். அப்பவும் கட்டானா, இனிமே வீடியோல வரமாட்டேம்மா.’ அதன் கீழே மகளின் போன் நம்பரும் இருந்தது.

ரேடியோவுக்கு உடனே அவளைக் கூப்பிட்டுப் பேசிவிடலாம் என்று வாய் துறுதுறுத்தது. ஆனால் என்னவென்று சொல்வது? பெட்டியில் குறை எதுவும் இல்லை என்றா? அதைச் சொன்னால் அந்தப் பெண் தன் அப்பாவைப் பற்றி நினைத்தது உறுதியாகிவிடும். நோட்டை வாங்கி, ‘ஞாயிறு வருகிறேன்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விடுமுறை. “லீவு நாள்ல எங்க கிளம்பிட்டீங்க?” என்றாள் மனைவி. “பேசாம இருக்கறதுக்குப் போறேன்” என்றார். அவள் அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினாள்.

மூன்றரைக்கே போய் மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். கேட்க ஆள் இல்லாததால் வாய் சும்மா கிடந்தது. கண்ணுக்கு வேலை வந்தது. தச்சர் அன்று முகச்சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டிருப்பதைப் பார்த்தார். அந்த அம்மாள் ஒரே பொத்தானை மூன்று தடவை பிரித்துத் தைப்பதைப் பார்த்தார். தச்சர் செல்போன் முன்னால் உட்கார்ந்துகொண்டு, கைகளை மடியில் வைத்து ஏதோ சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளிடம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்க்கிறார் என்று ரேடியோவுக்குப் புரிந்தது.

சரியாக நான்கு மணிக்குப் பல்பு மின்னியது. தச்சர் எடுத்தார். திரையில் மகளின் முகம் வந்தது. அந்த மனிதரின் முகத்தில் அவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று ரேடியோ எதிர்பார்க்கவில்லை. கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே, வலது உள்ளங்கையால் பலகையை ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினார். எட்டடி தள்ளி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த அம்மாளின் முழங்கைக்கு அது போய்ச் சேர்ந்தது. அவள் சட்டென்று திரும்பினாள்.

அதே நொடியில் ரவுட்டரின் விளக்குகள் அத்தனையும் அணைந்து, மறுபடி ஒவ்வொன்றாக மின்ன ஆரம்பித்தன. திரையில் மகளின் முகம் அப்படியே நின்றது, பிறகு போய்விட்டது.

ரேடியோ தரையில் மண்டியிட்டு மேசைக்கு அடியில் தலையை விட்டார். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் அதே பலகையின் அடியில் திருகி வைக்கப்பட்டிருந்தது. பழைய பாக்ஸ். ஓட்டை தளர்ந்து, ரவுட்டரின் பிளக் அதில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. காது கேட்கும் வீடாக இருந்தால் ‘ஏய், வந்து பாரு’ என்று ஒரு குரல் கொடுத்திருப்பார்கள். இங்கே குரலுக்குப் பதில் மேசை. ஆசை மிஞ்சினால் அடியும் மிஞ்சும். பிளக் ஒரு நொடி ஆடும். பெட்டி அணைந்து எழுந்திருக்க இரண்டு நிமிஷம் பிடிக்கும். பெட்டியை மாற்றியவர் இந்த ஓட்டையைத் தொட்டுப் பார்க்காமல் விட்டதற்குத் தன்னையே திட்டிக்கொண்டார்.

நிமிர்ந்து, பலகையைத் தட்டுவதையும் பிளக் ஆடுவதையும் தச்சருக்குக் கையால் காட்டினார். தச்சர் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்திருந்தது. கடைசி அழைப்பு போய்விட்டது என்று அவருக்குத் தெரியும்.

ரேடியோ வாசலுக்கு ஓடினார். சிக்னல் வந்ததும் மகளின் நம்பரைப் போட்டார். “யாருங்க?” என்றது அழுத குரல்.

“அம்மா, நான் நெட் ரிப்பேர் பார்க்கறவன். உங்க வீட்டு வாசல்லதான் நிக்கறேன். உங்கப்பா கட் பண்ணலம்மா. கண்ணையும் மூடல, நான் பக்கத்துல உட்கார்ந்து பார்த்தேன். உங்க முகத்தைப் பார்த்ததும் அம்மாவைக் கூப்பிட மேசையைத் தட்டறாரு. அந்தத் தட்டுல பிளக் ஆடி பெட்டி அணைஞ்சுடுது. அவ்வளவுதான்மா விஷயம்.”

ரேடியோ வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, அடுத்தவர் பேசட்டும் என்று காத்திருந்தார்.

“எத்தனை தட்டு தட்டினாரு?”

“ரெண்டும்மா.”

“ரெண்டு அம்மாவுக்கு.” மூக்கை உறிஞ்சுவது கேட்டது. “மூணு தட்டினா எனக்கு. சின்ன வயசுல நான் எந்த ரூம்ல இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்டு ஓடி வருவேன் அண்ணா.”

“மறுபடி கூப்பிடுங்கம்மா. இந்தத் தடவை நிக்காது. நான் பொறுப்பு.”

அவருடைய பையில் புது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருந்தது. அதை மாட்ட நேரமில்லை, பல்பு மின்னத் தொடங்கிவிட்டது. ரேடியோ மேசைக்கு அடியில் புகுந்து, பிளக்கைக் கட்டைவிரலால் உள்ளே அழுத்திப் பிடித்துக்கொண்டார். மேலே என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று தெரியவில்லை. தெரிந்தாலும் அந்தப் பாஷை அவருக்குப் புரியாது. கொஞ்ச நேரம் கழித்துத் தச்சரின் முகம் மேசைக்குக் கீழே குனிந்தது. கையை உயர்த்திக் காட்டி, தட்டட்டுமா என்று கண்ணால் கேட்டார். ரேடியோ தலையாட்டினார்.

பலகையில் மூன்று தட்டு விழுந்தது. கட்டைவிரல் அசையவில்லை, விளக்குகளும் அசையவில்லை. செல்போனிலிருந்து மகள் வாய்விட்டு அழுவது கேட்டது. அந்த அறையில் அதைக் கேட்க முடிந்தவர் ரேடியோ ஒருவர்தான். இதை யாரிடமும் சொல்லப் போவதில்லை என்று அங்கேயே முடிவு செய்துவிட்டு, கால் மரத்துப் போகும்வரை பிளக்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.