தவக்காலத்துப் பன்றிக்குட்டிகள்

1. பருவத்துக்கு வராத நான்கு

“சாரே, எனக்க பன்னிக்கூட்ட பூட்டண்டியதுதான்” என்று சூசை கைப்பேசியில் சொன்னபோது ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்தது. சூசை கருங்கல் என்ற ஊருக்கு அருகில் பன்றி வளர்ப்பவர். நான் அப்பகுதியின் அரசுக் கால்நடை மருத்துவராக இருந்தேன்.

அவருடைய ஒரே தாய்ப்பன்றி முதுமையால் சினை பிடிப்பதை நிறுத்தியிருந்தது. அதன் கடைசி ஈற்றில் பிறந்த பெண்குட்டிகளுள் ஒன்றையேனும் தாயாக நிறுத்தாவிட்டால் பண்ணையில் இனி ஈற்று இல்லை. அவையோ வயதாகியும் பருவத்துக்கு வரவில்லை.

மறுநாள் போய்ப் பார்த்தேன். கூட்டில் அந்தப் பெண்பன்றிகள் நான்கும் உருண்டு திரண்டு நின்றன.

“நல்லா தடிச்சுத்தான நிக்குது? பின்ன என்ன கேடு?” என்றார் சூசை.

“தடிச்சிருக்கு. வளரல்ல.”

“ரெண்டும் ஒண்ணுதான சாரே?”

ஒன்றன்று. முதுகைத் தடவிப் பார்த்தேன். நீளம் இல்லை, எலும்புக்கட்டு இளங்குட்டியினுடையது, அதன்மேல் கொழுப்பு. எப்போது பிறந்தவை என்று கேட்டேன். பெரிய நோன்பு, அதாவது தவக்காலம், தொடங்குவதற்குச் சற்று முன்பு என்றார். அதற்குமேல் கேட்க வேண்டியிருக்கவில்லை.

2. தீனி வராத காலம்

எங்கள் மாவட்டத்தின் மேற்கு வட்டங்களில் பன்றித்தீனி பெரும்பாலும் கல்யாண மண்டபங்களிலிருந்து வருவது. பந்தியில் மிஞ்சிய சோறும் கறியும் பீப்பாயில் வரும். அவற்றை மீண்டும் வேகவைத்துக் கொடுப்பார்கள். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில், அங்கு மிகுதியாக உள்ள கத்தோலிக்கர் வீடுகளில் திருமணம் நடைபெறுவதில்லை. பீப்பாயும் வருவதில்லை. ஈஸ்டர் வரை சூசையின் பன்றிகள் வாழைத்தண்டை மென்று மெலிந்து நிற்கும்.

அதற்காக அவர் கவலைப்பட்டதே இல்லை. “ஈஸ்டர் கழிஞ்சு நாலு கல்யாணம் வந்தா போரும் சாரே. போனதெல்லாம் திரும்பி வந்துரும். வருசா வருசம் காணுகேன்.”

அவர் கண்டது பொய்யன்று. வளர்ந்த பன்றி பட்டினியில் இழப்பது பெரும்பாலும் கொழுப்பை. வயிறார உணவு கிடைத்ததும் அது வழக்கத்தைவிட விரைவாக எடை கூடும். ஈடுசெய் வளர்ச்சி என்று எங்கள் பாடத்தில் அதற்குப் பெயர். ஆனால் அவ்வாண்டு தாய்ப்பன்றி பாலூட்டிக்கொண்டிருந்தது. தாய்க்குத் தீனி குறைந்ததால் பால் குறைந்தது. பால் மறந்த குட்டிகளுக்கும் வாழைத்தண்டே கிடைத்தது. எலும்பும் தசையும் உருவாக வேண்டிய காலத்தில் உருவாகவில்லை. பின்னர் தின்ற பிரியாணி கொழுப்பாயிற்று.

இதைத் தசைநார் முதலாக விளக்கினேன். சூசை பொறுமையாகக் கேட்டார்.

“அப்ப ஒரு டானிக் எழுதித் தாருங்க” என்றார்.

3. அடுக்களைப் பன்றி

அவர் மனைவி ரோஸ்லி அடுக்களைப் பக்கத்திலிருந்து வந்தார். “சாருக்கிட்ட மத்தத காட்டல்லியா?”

“அது பன்னியா? ஒனக்க மருமவளாக்கும்” என்றார் சூசை. பிறகு என்னிடம், “மீனு குடுத்தா முள்ளு எடுத்துக் குடுக்கா சாரே” என்றார்.

அதே ஈற்றில் சாகக்கிடந்த கடைக்குட்டியை ரோஸ்லி இரக்கப்பட்டு எடுத்து, ஆட்டுப்பாலும் முட்டையும் கஞ்சியும் புட்டியில் ஊட்டி வளர்த்திருந்தார். கொல்லையில் அது தென்னையில் கட்டப்பட்டிருந்தது. கூட்டில் நின்ற நான்கையும்விட ஒரு சாண் நீளம்.

“ரெண்டு நாளா தீனி எடுக்கல்ல, ஒரே கத்தல். வயித்துக்கோளாறுன்னு சுக்குக் கஷாயம் குடுத்தேன்” என்றார் ரோஸ்லி.

இடுப்பை அழுத்தினேன். அது காதை விடைத்துக்கொண்டு அசையாமல் நின்றது.

“வயித்துல கோளாறு ஒண்ணுமில்ல. பருவத்துக்கு வந்திருக்கு” என்றேன்.

சூசை மகிழவில்லை. “சாகக்கிடந்த சவலை சாரே. அதுக்க வயித்துல பிறக்கியதும் சவலையாத்தான் இருக்கும்.”

அது பரம்பரைக் குறையாக இருக்க வேண்டியதில்லை, தாய் வயிற்றில் இடநெருக்கடியாலும் பால் குறைந்த கடைசிக் காம்பே கிடைத்ததாலும் நேர்ந்திருக்கலாம் என்றேன். அவர் அசையவில்லை. ரோஸ்லி குறுக்கிட்டார்.

“நீங்க பிறக்கச்செல எலிக்குஞ்சு கணக்கா இருந்தீளாம். ஒங்க அம்மதான் சொன்னாவ. இப்ப சாரு பாக்கட்டும்.”

நான் பார்த்தேன். சூசை தொந்தியின்மேல் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். மாலையில் ஆண்பன்றி வந்தது.

4. அடுத்த நோன்பு

தவக்காலம் தொடங்கியபின் அவ்வழியே போனபோது பண்ணைக்குள் நுழைந்தேன். பீப்பாய்கள் கவிழ்ந்து கிடந்தன. வளர்ந்த பன்றிகள் வாழைத்தண்டை மென்றுகொண்டிருந்தன. தனிக்கூட்டில் ரோஸ்லியின் பன்றி படுத்திருக்க, மடி முழுவதும் குட்டிகள். அதன் தொட்டியில் தவிடும் பிண்ணாக்கும் கடியப்பட்டணத்திலிருந்து வந்த கருவாட்டுத்தூளும் நிறைந்திருந்தன.

“மத்ததுக்கு?” என்றேன்.

“அதுவ மூத்ததுவ. நோம்பு இருக்கட்டும். பிள்ள பெத்தவளுக்கும் பால்குடிக்கும் சபையிலயே நோம்பு இல்ல சாரே” என்றார் சூசை.

“இத நான் சொன்னதாக்கும்” என்றார் ரோஸ்லி.

“ஏட்டி, செத்த சும்ம இரி.”

பணிக்குப் புதிதாக வரும் மருத்துவர்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். தீனி குறையும் காலம் எல்லாப் பண்ணைக்கும் வரும். குறைத்தே ஆக வேண்டுமெனில் வளர்ந்தவற்றிடம் குறைக்கச் சொல்லுங்கள். அவை பெரும்பாலும் மீட்டுக்கொள்ளும். குட்டியும் பாலூட்டும் தாயும் பொறுக்கமாட்டா. தசைநாரைப் பற்றி நான் பேசியதை எந்தப் பண்ணையிலும் எவரும் நினைவில் வைத்திருக்கவில்லை. ஓய்வு பெறும்வரை நோன்பைப் பற்றிய சூசையின் வாக்கியத்தையே சொல்லிவந்தேன். இந்துக்கள் வீட்டிலும் அது விளங்கிற்று.