எதிரால் வரும் சைக்கிள்

பின்னேரம் மூன்று நாற்பதுக்குத்தான் எல்லாம் பிசகத் தொடங்கியது. அந்த நேரத்துக்கு என் மகளின் சைக்கிள் படலைக்குள் நுழைந்திருக்க வேண்டும். இரண்டு மணிக்குத் தன்னாமுனையில் ரியூசன் முடியும். செங்கலடிக்கு அரை மணித்தியாலம். அங்கிருந்து கரடியனாற்றில் எங்கள் வீடு வரைக்கும், நான் தெரிந்தெடுத்த வழியால், ஒரு மணித்தியாலம். தண்ணீர் குடிக்கப் பத்து நிமிடம். இதையெல்லாம் கொப்பித் தாளில் எழுதி, படமும் கீறி, அவளுடைய பைக்குள் வைத்திருந்தேன். நான் புவியியல் படிப்பிக்கிறவள். படம் கீறிவிட்டால் உலகம் அதன்படி நடக்கும் என்று நம்புகிற கூட்டம் நாங்கள்.

மூன்று நாற்பத்தொன்றுக்குப் படலையில் நின்றேன்.

"என்னகா, ஒரு நிமிசம் பிந்திப்போச்சா? ஊருக்கு அறிவிக்கவா?" என்று விறாந்தைக் கதிரையிலிருந்து கணவர் கேட்டார். இடுப்பை அசைக்க முடியாத நாரிப்பிடிப்பு என்று ஒரு கிழமையாக அவர் அந்தக் கதிரையை விட்டு எழும்பவில்லை. பகிடிக்கு மட்டும் நாரி தேவைப்படவில்லை.

சண்டை முடிந்து வந்த முதல் பெரும்போக அறுவடை அது. செங்கலடியிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் பெரிய வீதியைப் புதிதாகப் போடத் தொடங்கியிருந்தார்கள். சண்டைக் காலத்தில் அந்த வீதியால் ஆமி வாகனம் போகும். அது வரும் நேரம் ஓரளவுக்குத் தெரியும். சமாதானம் டிப்பரில் வந்தது. அதற்கு நேரமும் இல்லை, பிறேக்கும் இல்லை. மகளின் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி ஒரு டிப்பர் போனதாக யாரோ சொன்ன அன்றே நான் வேறு வழி தேடத் தொடங்கினேன்.

வழி தேடுவதில் எனக்கு அனுபவம் உண்டு. களுதாவளையில் இருந்தோம், கடல் ஏறியது. கடல் எட்டாத இடம் வேண்டும் என்று நான்தான் அடம்பிடித்து எல்லாரையும் கரடியனாற்றுக்குக் கூட்டிவந்தேன். கடல் எட்டவில்லை, ஷெல் எட்டியது. பிறகு முகாமுக்கு ஓடி, தறப்பாளுக்குக் கீழே கிடந்து, திரும்பவும் இங்கேயே வந்தோம். பாதுகாப்பான இடம் தெரிந்தெடுப்பதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று கணவர் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார். கைத்தொலைபேசி மகளுக்கு ஆபத்து என்று முடிவெடுத்தவளும் நானே. அதனால் அந்தப் பின்னேரம் அவளை அழைத்துக் கேட்க வழியில்லை.

அதற்கு இரண்டு கிழமை முன்னர்தான் இரண்டு வெள்ளைக்காரர்கள் சைக்கிளில் எங்கள் பாடசாலை வாசலில் வந்து நின்றார்கள். தலையில் பூசணிக்காய் போல ஒரு தொப்பி, உடம்போடு ஒட்டிய காற்சட்டை. சைக்கிள் ஓடுவதற்கு அமைதியான வீதி இங்கே எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். ஆங்கிலம் தெரிந்தவள் நான்தான் என்று என்னை முன்னுக்குத் தள்ளினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் பக்கத்தில் வீதி அமைதியாக இருந்தால் சனம் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே போய்விடும். எந்த வீதி எந்த நாளில் எத்தனை மணிக்கு அமைதியானது, அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று என்னால் வரிசையாகச் சொல்லியிருக்க முடியும். "எல்லா வீதியும் அமைதிதான்" என்று ஆங்கிலத்தில் சொல்லி அனுப்பினேன். அவர்கள் மிகவும் சந்தோசப்பட்டார்கள்.

அவர்களைப் பார்த்துச் சிரித்த நானேதான் இரண்டு கிழமை கழித்து மகளுக்கு அமைதியான வழி கீறிக் கொடுத்தேன்: பெரிய வீதியிலிருந்து விலகி, வயல் வட்டைக்குள்ளால், வாய்க்கால் கரையோரமாகப் போகும் கிரவல் பாதை. அறுவடை முடிந்து வெறும் ஒட்டு நிற்கும் வயல்வெளி. டிப்பர் இல்லை, ஆமிச் சென்றி இல்லை, ஒரு மாடுகூட இல்லை.

அன்று விடிய, தேத்தண்ணி குடிக்கும்போதே அவள் தாளைப் பார்த்துக் கேட்டாள்.

"இது சுத்தெல்லுவாம்மா? பெரிய ரோட்டால வந்தா வேளைக்கு வந்திருவன்."

"சுத்தெண்டாலும் டிப்பர் இல்ல."

"டிப்பரும் இல்ல, ஆக்களும் இல்ல. எதிரால ஆள் வராட்டி?"

"வராட்டி நில்லு. ஒராள் வந்த மறுகா வெளிக்கிடு. புதுசாக் கேக்காய்?"

"திரும்பிப் பெரிய ரோட்டால வரவா?"

"அந்தக் கதையே வேணாம்."

அவள் தாளை நான்காக மடித்தாள். "சரி. நீங்க சொன்னதெல்லாம் அப்படியே செய்யிறன். ஒரு எழுத்துப் பிசகாம. பாருங்களன்."

பதினேழு வயதுப் பிள்ளை அப்படியே செய்கிறேன் என்று சொன்னால் கொஞ்சம் பயப்பட வேண்டும். உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் பயந்த எனக்கு அதற்கு மட்டும் பயம் வரவில்லை.

எதிரால் ஆள் வருவது என்றால் என்ன என்பதைச் சொல்ல வேண்டும். சண்டைக் காலத்தில் படுவான்கரைப் பக்கம் படிப்பிக்கப் போன நாங்கள் எல்லோரும் அப்படித்தான் சைக்கிள் ஓடினோம். பாதை தொடங்கும் இடத்திலோ, முன்னால் தெரியாத வளைவிலோ காலை ஊன்றி நிற்போம். அந்தப் பக்கமிருந்து ஒரு சைக்கிள் வரும். "அங்கால எப்படி?" என்று கேட்போம். "பயமில்ல" என்றால் போவோம். "சுணங்கும்" என்றால் சோதனை நடக்கிறது என்று அர்த்தம். பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனால் நாங்களும் சைக்கிளைத் திருப்புவோம். ஒருவரும் வரவில்லை என்றால் அதுதான் எல்லாவற்றிலும் மோசமான பதில். அன்றைக்குப் பாடசாலைக்கு லீவு.

இந்தப் பழக்கத்தை நான் மகளுக்கும் பழக்கினேன் என்றால் அதற்குக் காரணம் சண்டை மட்டும் இல்லை. அந்த மார்கழி ஞாயிறு காலையில் அவளைக் கரியரில் இருத்திக்கொண்டு களுதாவளைக் கரைக்கு மீன் வாங்கப் போனேன். வழக்கமாக அந்த நேரத்துக்கு ஹாண்டிலில் மீன்பையைக் கொழுவிக்கொண்டு ஆட்கள் எதிரால் வருவார்கள். அன்று ஒருவரும் வரவில்லை. எனக்குக் கால் தானாக ஊன்றிக்கொண்டது. "மீன் படல்ல போல. போவம் அம்மா" என்றாள் பிள்ளை. நான் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒருவர் சாரத்தை ஒரு கையால் பிடித்தபடி ஓடிவந்தார். "அங்கால எப்படி?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அவருக்குப் பின்னால் கடல் வந்தது.

நாங்கள் தப்பினோம். எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் தப்பவில்லை. அன்றிலிருந்து அது எனக்குப் பழக்கம் அல்ல, வேதம்.

நாலேகாலுக்குச் சைக்கிளை எடுத்தேன். "வட்டைக்க நிண்டு படம் கீறாம வா" என்றார் கணவர். ஆனால் படலைவரை வந்திருந்தார். நாரியில் கையை வைத்துக்கொண்டு வீதியையே பார்த்தார். பகிடி விடுகிற மனிதன் எழும்பி நடந்தால் விசயம் பெரிது.

வட்டைப் பாதை தொடங்கும் இடத்தில் ஒரு மருத மரம் நிற்கிறது. அங்கே போய்ச் சேர நாலே முக்கால். முன்னால் பாதை நேராகப் போய், வாய்க்கால் வளைகிற இடத்தில் பற்றைக்குள் மறைந்தது. ஒரு சைக்கிள் இல்லை. ஒரு மனிதர் இல்லை. நான் மகளுக்கென்று தேடித் தெரிந்தெடுத்த அமைதி முழுக்க அங்கே கிடந்தது.

என் கால் ஊன்றிக்கொண்டது.

பிள்ளையைக் காணவில்லை, தேட வந்தவள் மரத்துக்குக் கீழே நிற்கிறாள். எதற்கு? எதிரால் யாராவது வரட்டும் என்று. இது பைத்தியம் என்று எனக்குத் தெரியும். பட்டம் பெற்ற அறிவு முழுவதும் போ போ என்றது. பெடலில் காலை வைத்தேன், கால் இறங்கியது. திரும்பவும் வைத்தேன், திரும்பவும் இறங்கியது. பற்றைக்கு அப்பால் என்ன இருக்கும் என்று நினைத்தேனோ அது எல்லாமே நான் முன்பு ஒருமுறை கண்டவை. வெடிக்காமல் கிடந்தது வெடித்திருக்கலாம். ஆளைக் கடத்தும் வெள்ளை வான் வந்திருக்கலாம். கடலே இல்லாத அந்த இடத்தில் கடல்கூட வந்திருக்கலாம். சேலைத் தலைப்பைப் பிழிந்து பிழிந்து, வியர்வையா கண்ணீரா என்று தெரியாமல் நனைத்து, அரை மணித்தியாலம் அப்படியே நின்றேன். கூப்பிட்டும் பார்க்கவில்லை. சத்தம் போடக்கூடாது என்பதும் என் சட்டங்களில் ஒன்று.

ஐந்தே கால் இருக்கும். பற்றை வளைவில் ஒரு சைக்கிள் தெரிந்தது. பின்னால் ஆளை விட உயரமான துணிப் பொதி. ஏறாவூரிலிருந்து எங்கள் பக்கத்துக்குச் சாரமும் சட்டைத் துணியும் கொண்டுவரும் வியாபாரி. சண்டைக்கு முதலே தெரிந்தவர்.

"அங்கால எப்படி?" என்றேன்.

அவர் பிறேக் பிடித்து, ஒரு காலை ஊன்றி, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ரீச்சர், இதென்ன கூத்து? அங்காலயும் ஒரு புள்ள இதே மாதிரித்தான் நிக்கிது."

"எங்க?"

"வளைவுக்கு அங்கால, மதகில. கனநேரமா நிண்டிரிக்கி போல, முகமெல்லாம் சிவந்து போய்க் கிடக்கு. ஏன் மகள் வெயிலுக்க நிக்கிறீங்க, வாங்க என்னோட எண்டு கேட்டன். எதிரால ஒராள் வரவேணுமாம். அப்ப நான் ஆர் எண்டு கேட்டன். நீங்க பின்னால வந்த ஆள், நீங்க கணக்கில்ல எண்டு சொல்லுது." அவர் தலையில் அடித்துக்கொண்டார். "தாளொண்டயும் எடுத்துக் காட்டிச்சி. ஆர் எழுதினதெண்டு நான் கேக்கல்ல. இப்ப வெளங்குது."

"வேற ஒண்டும் இல்லையா? புள்ளைக்கு ஒண்டும்..."

"ஒண்டுமில்ல. கோபம் மட்டும் நிறைய இரிக்கி." அவர் பெடலை மிதிக்கத் தொடங்கிவிட்டார். "உங்களுக்கு எதிரால நான் வந்திட்டன். அதுக்கு எதிரால வர உங்கள விட்டா இண்டைக்கு ஆருமில்ல. போங்க ரீச்சர், பொழுது படுகிது."

பெடலில் காலை வைத்தேன். இந்த முறை இறங்கவில்லை. வளைவு வரைக்கும் முந்நூறு மீற்றர்கூட இருக்காது. அரை மணித்தியாலமாக நான் இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம். இடையில் ஒரு பற்றையும் நான் படிப்பித்த பாடமும்.

மதகுக் கட்டில் அவள் இருந்தாள். சைக்கிள் ஸ்ராண்டில் ஒழுங்காக நின்றது. தண்ணீர்ப் போத்தல் வெறுமையாகக் கிடந்தது. மடித்த தாளை விரித்து மடியில் வைத்து, பரீட்சைக்குப் படிக்கிறவள் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இறங்கி ஓடப் போனேன். அவள் கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள். நின்றேன்.

அவள் எழும்பி, பின்பக்கத்துத் தூசியைத் தட்டி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஒருவரிடம் கேட்பது போலக் கேட்டாள்:

"அங்கால எப்படி, ரீச்சர்?"