சரி செய்தவர்

என் மகனை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘போஸ்ட்மார்ட்டம்’ என்றுதான் சொல்வார்கள். அவன் படிப்பது பொருள் வடிவமைப்பு. நாற்காலி, விளக்கு, குடை என்று நாம் புழங்கும் சாமான்களை எப்படிச் செய்வது என்று யோசிக்கிற படிப்பு. அதற்கு எதற்குக் குப்பைத்தொட்டியைக் கிளற வேண்டும் என்றுதான் எனக்கு விளங்காமல் இருந்தது.

மழை விட்டதும் எல்லோரும் வீடு திரும்புவார்கள். இவன் சாக்கை எடுத்துக்கொண்டு கிளம்புவான். பஸ் ஸ்டாப், ஆஸ்பத்திரி வாசல், கடைத்தெரு என்று சுற்றி, காற்றில் உடைந்து ஜனங்கள் வீசிவிட்டுப் போன குடைகளைப் பொறுக்கி வருவான். நான் துணி காயப்போடும் கொடியில் அவற்றைத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, ஒரு சீட்டு எழுதிக் கட்டுவான். கிடைத்த இடம், வயது, எதனால் செத்தது. கடைசியில் ‘சரி செய்தவர்’ என்று ஒரு வரி. நாற்பத்தோரு குடைகள் சேர்ந்தன. நாற்பத்தொன்றிலும் அந்த வரி காலி. என் புடவையைக் காயப்போட இடமில்லை.

“யாரும் சரி செய்யலைன்னுதான் தெரியுதே, அப்புறம் எதுக்குடா அந்த வரி?” என்று ஒருநாள் கேட்டேன்.

“இருக்கட்டும்மா. அதுக்காகத்தான் இவ்வளவும்” என்றான்.

விஷயம் இதுதான். அந்த நாற்பத்தொன்றில் முப்பத்துமூன்று, ஒரே ஒரு கம்பி முறிந்ததால் செத்தவை. துணி கிழியவில்லை, மற்ற ஏழு கம்பிகளும் கல்லு மாதிரி இருந்தன. உடைந்ததை மட்டும் கழற்றி வேறு மாட்டுகிற மாதிரி ஒரு குடை செய்யப்போகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். போன வருடம் செய்தும் காட்டினான். பெயிலாக்கிவிட்டார்கள். கம்பி மாற்ற ஒரு சின்னச் சாவி வேண்டியிருந்தது. “இந்தச் சாவி தொலைஞ்சா என்ன பண்றது?” என்று தேர்வு நடத்த வந்த ஒரு அம்மாள் கேட்டாராம். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அவரைத் திட்டித் தீர்த்தான். மூன்றாம் நாள், “அவங்க கேட்டது சரிதாம்மா” என்று மறுபடி உட்கார்ந்தான்.

இன்னும் ஒரு வாய்ப்புதான். அதிலும் தவறினால் படிப்பு அவ்வளவுதான். வருடம் முழுக்கப் பாடுபட்டு, சாவியே வேண்டாத குடை ஒன்றைச் செய்து முடித்தான். ஒன்றே ஒன்று. அதன் பக்கம் போனாலே, “அம்மா, கை வைக்காதே” என்பான். யார் வேண்டுமானாலும் சரி செய்யலாமாம், பெற்றவள் மட்டும் தொடக்கூடாதாம். நல்ல நியாயம்.

நான் பள்ளிக்கூட முனையில் நின்று பிள்ளைகளைப் பத்திரமாகச் சாலை தாண்ட வைக்கிறவள். கழுத்தில் விசில், ஒரு கையில் ‘நில்’ என்று எழுதிய பலகை. கார்க்காரர்களைத் திட்டித் திட்டி, வீட்டிலும் அதே குரல்தான் வரும்.

தேர்வு பதினோரு மணிக்கு. அன்று காலை மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. அவன் குளித்துக்கொண்டிருந்தான். எனக்கு நேரமாகிவிட்டது. கதவோரம் வாளியில் இரண்டு கறுப்புக் குடைகள் நின்றன. ஒன்றை உருவிக்கொண்டு ஓடினேன்.

நான்கு பிள்ளைகளை அணைத்தபடி நடுச்சாலையில் வரும்போது காற்று ஓங்கி அடித்தது. குடை பின்பக்கமாகத் திரும்பி, படக்கென்று ஒரு கம்பி முறிந்தது. அண்ணாந்து பார்த்தேன். ஒவ்வொரு கம்பியிலும் அவன் கையெழுத்தில் சின்னச் சின்ன எண்கள். பிள்ளையின் ஒரு வருட உழைப்பை நானே ஒடித்துவிட்டேன்.

வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடவும் முடியாது. மணி அடிக்கிறவரை பிள்ளைகள் வந்துகொண்டே இருப்பார்கள். நால்வரையும் கேட்டுக்குள் விட்டுவிட்டு, கடையோரம் ஒதுங்கிக் குடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கைப்பிடியின் அடியில் ஒரு மூடி. திருகினால் தண்டின் குழாய்க்குள் இரண்டு மாற்றுக் கம்பிகள். உடைந்ததைக் கட்டைவிரலால் தள்ளினேன், கழன்று வந்தது. புதியதை அதே பள்ளத்தில் அழுத்தினேன், டக்கென்று உட்கார்ந்தது. நுனியைத் துணியின் ஓரப் பையில் செருகினேன். அவ்வளவுதான். எனக்கே நம்பிக்கை வராமல் மூன்று தடவை விரித்து மடக்கிப் பார்த்தேன்.

அப்போதுதான் ஓடி வந்தான். என் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அதை விரிக்கக்கூடத் தோன்றாமல் தொப்பலாக நனைந்திருந்தான்.

“திட்டாதேடா. தெரியாம எடுத்துட்டு வந்துட்டேன். ஒரு கம்பி உடைஞ்சிடுச்சு” என்று முறிந்த துண்டை நீட்டினேன். அவன் முகம் வெளுத்துப்போயிற்று. குடையை வாங்கி விரித்து, கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினான். எட்டும் இருந்தன.

“யாரும்மா மாட்டினது?”

“வேற யாரு? நான்தான்.”

“யார் சொல்லிக் கொடுத்தா?”

“நீயா சொல்லிக் கொடுத்தே? தொடவே விடலையே.”

“எவ்வளவு நேரமாச்சு?”

“அடுத்த கூட்டம் வர்றதுக்குள்ள மாட்டிட்டேன். கேள்வி கேட்டுட்டு நிக்காம போடா, பஸ் போயிடும்.”

அவன் போகவில்லை. அந்த ஈரத்தோடு என்னைக் கட்டிக்கொண்டான். பிள்ளைகளெல்லாம் பார்க்கிறார்கள், எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நடுவில் மாட்டிக்கொண்ட விசில் நெஞ்சில் குத்தியது. இருந்தாலும் நான் விலகவில்லை.

சாயங்காலம் பாஸாகி வந்தான். அதே அம்மாள், “இதை யார்கிட்ட கொடுத்துப் பார்த்தீங்க?” என்று கேட்டாராம். முறிந்த கம்பியை மேசைமேல் வைத்து, காலையில் நடந்ததை அப்படியே சொல்லியிருக்கிறான். “உங்க அம்மா என்ன வேலை பார்க்கிறாங்க?” என்றாராம். “பள்ளிக்கூட முனையில விசில் ஊதுறாங்க, மேடம்.” அதைக் கேட்டுவிட்டு அவர் மார்க் போட்டாராம்.

நான் துணி எடுக்கப் போனபோது கொடியின் ஓரத்தில் அந்த முறிந்த கம்பி தொங்கியது. அதற்கும் ஒரு சீட்டு. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தேன். கிடைத்த இடம்: பள்ளிக்கூட முனை. வயது: ஒரு காலை. எதனால்: காற்று, அம்மாவின் அவசரம்.

பார், கொழுப்பை. அவசரமாம். உள்ளே போய் நாலு வார்த்தை கேட்கலாம் என்று திரும்பியவள், கடைசி வரியைப் பார்த்து நின்றுவிட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தேன்.

சரி செய்தவர்: அம்மா.