வெண்ணெய் வராத மேஜை

வெர்னா டக்கெட் முதல் தடவை அந்தத் தீம் பார்க்குக்குப் போனபோது அவளுக்கு ஒன்பது வயது. அலுமினியத் தாளில் சுற்றிய இரண்டு வேகவைத்த உருளைக்கிழங்கு மடியில் இருந்தது. கோதுமையும் ஆகாது, பாலும் ஆகாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்த காலம். பக்கத்தில் தங்கை கிளெண்டா, ஆறு வயது, முழங்கை வரை ஐஸ்கிரீம் வழியத் தின்றுகொண்டிருந்தாள்.

"நக்கிப் பாக்குறியா, வீ?" என்று நீட்டினாள்.

அம்மா அதட்டியதும் கையை இழுத்துக்கொண்டாள். கிளெண்டா கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அதனால்தான் வெர்னாவால் அதை மறக்க முடியவில்லை.

பின்னாளில் லேக்லாண்ட் நகரில் ஒரு பல் மருத்துவரின் வரவேற்பு மேஜையில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்தாள். ஒரு கணவன் வந்து போனான். ஒவ்வொரு சாப்பாட்டுக் கடையிலும் பரிமாறுகிறவர்களை அவள் குறுக்கு விசாரணை செய்வதைத் தன்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த ஆர்லாண்டோ பூங்காவின் வருடச் சீட்டை மட்டும் அவள் விடவே இல்லை. வாசலில் காவலர்கள் சாப்பாட்டுப் பையைப் பிரித்துக் கேள்வி கேட்ட காலத்தில் டாக்டர் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தாள். இப்போது யாரும் கேட்பதில்லை. கடிதம் இன்னும் பையில்தான் இருந்தது.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன், ஏரிக்கரை உணவகத்தில், சமையல்காரரே மேஜைக்கு வந்தார். ஒத்துக்கொள்ளாத உணவு இருக்கிறதென்று சொன்னால் வருவது அங்கே வழக்கம். ஒக்டாவியோ என்று பேர். அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு காலை மடக்கி மண்டியிட்டு, "இந்த மேஜைக்கு நான் பொறுப்பு, மிஸ் வெர்னா. பயப்படாம சாப்பிடுங்க" என்றார். யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. தனிச் சட்டியில் செய்த தட்டு வந்தது. அது வேறு தட்டோடு கலந்துவிடாதபடி ஒரு குச்சியில் சின்ன ஊதாக் கொடி செருகியிருந்தது. அந்தக் கொடியை வீட்டுக்குக் கொண்டுபோனாள். இப்போது அவள் சமையலறை ஜன்னலில் ஒரு கண்ணாடிக் குவளை நிறையக் கொடிகள்.

போன வருடம் கிளெண்டாவுக்கும் கோதுமை ஆகாது என்று தெரிந்தது. போனில் அழுதாள். வெர்னா ஒரு மணி நேரம் ஆறுதல் சொன்னாள். போனை வைத்த பிறகு, தன் வீட்டுச் சாவியை இன்னொருத்தி கையில் பார்த்தது போல் இருந்தது.

அக்டோபரில் இருவரும் சேர்ந்து பூங்காவுக்குப் போனார்கள். வெர்னா தோளில் பை. உள்ளே அரிசி பிஸ்கட், கரண்டி, தொண்டை அடைத்தால் தொடையில் குத்திக்கொள்ள ஊசி. கிளெண்டாவின் கையில் போன் மட்டும்.

"நீ பயமுறுத்துன அளவுக்கு ஒண்ணும் இல்லியே, வீ. இதுல ஒரு தட்டு தட்டினா சாப்பாடு ரெடியாகுது."

"எல்லாத்தையும் நம்பிடாத."

"நான் என்ன, உன்ன மாதிரி போலீஸா?" என்று சொல்லிக் காலை பத்து மணிக்கே ஐஸ்கிரீம் வாங்கினாள். பால் அவளுக்கு ஒத்துக்கொண்டது. அந்த அதிர்ஷ்டமும் அவளுக்குத்தான்.

மதியம் ஒக்டாவியோ வந்தார். கிளெண்டா புதுசு என்று தெரிந்ததும் அவள் பக்கம் போய் மண்டியிட்டார்.

"இந்த மேஜைக்கு நான் பொறுப்பு, மிஸ் கிளெண்டா. பயப்படாம சாப்பிடுங்க."

அதே வார்த்தை. அதே குரல். வெர்னா முகத்தைத் திருப்பி ஏரியைப் பார்த்தாள். ஒரு படகு போய்க்கொண்டிருந்தது. அது மறையும்வரை பார்த்தாள். ஒக்டாவியோ என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். கிளெண்டா சிரித்தாள்.

"உங்களுக்கு எப்பவும் போலதானே, மிஸ் வெர்னா?" எழுந்திருக்காமலே கேட்டார்.

"எப்பவும் போலதான்."

சாப்பாடு முடிந்து வெர்னாவுக்கு எப்போதும் போல ஒரு கிண்ணம் எலுமிச்சை ஐஸ் வந்தது. கிளெண்டாவுக்கு இரும்புச் சட்டியோடு பீச் கோப்ளர், பழத்தின்மேல் கோதுமை இல்லாத மாவை வைத்துச் சுட்ட இனிப்பு. பழச்சாறு ஓரத்தில் கொதித்துக்கொண்டிருந்தது, மேலே மாவு பொன்னிறமாக வெடித்திருந்தது. இரண்டிலும் ஒரே ஊதாக் கொடி. பன்னிரண்டு வருடத்தில் வெர்னாவுக்குச் சூடாக ஒரு இனிப்பு வந்ததில்லை.

"ஆறட்டும், கை கழுவிட்டு வரேன்" என்று கிளெண்டா எழுந்து போனாள்.

என்ன சேர்த்தது என்று நேரில் கேட்காததை வாயில் வைக்கக் கூடாது. இது வெர்னாவே தங்கைக்குச் சொல்லிக் கொடுத்தது. ஆனால் இது அவளுடைய மேஜை. அவளுடைய மேஜைக்கு வெண்ணெய் வந்ததே இல்லை, ஒக்டாவியோ விடமாட்டார். அவள் கிளெண்டாவின் சட்டியிலிருந்து ஒரு கரண்டி எடுத்தாள். இன்னொரு கரண்டியும் எடுத்தாள்.

கிளெண்டா திரும்பி வரும்போது வெர்னாவின் உதடு தடித்திருந்தது. ஊசியைத் தொடையில் குத்திக்கொண்டு, கண் மூடி உட்கார்ந்திருந்தாள்.

முதலுதவி அறையில் கிளெண்டா பக்கத்தில் இருக்க, வெர்னாவுக்கு மூச்சு சரியான பிறகு, மேற்பார்வை பார்க்கும் பெண் படிவத்தோடு வந்தாள். ஒக்டாவியோ தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"மேடம், அதுல வெண்ணெய் இருக்குன்னு செஃப் உங்ககிட்ட சொன்னாரா?"

'இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பொய்கூட இல்லை, அவர் கிளெண்டாவிடம்தான் சொன்னார். ஒக்டாவியோ இனி எந்த மேஜைக்கும் வரமாட்டார். கிளெண்டாவின் மேஜைக்கும் வரமாட்டார். வெர்னா அந்த எண்ணத்தைச் சற்று நேரம் வைத்துப் பார்த்தாள். இனிப்பாகத்தான் இருந்தது.

"சொல்லிருப்பார். நான் காது குடுத்துக் கேக்கல" என்றாள். "அது என் தட்டும் இல்ல."

"பின்ன யாரோடது?"

"இவளோடது. இவ அந்தப் பக்கம் போனதும் திருடித் தின்னேன்."

படிவம் வைத்திருந்தவள் எதை எழுதுவது என்று தெரியாமல் நின்றாள்.

"அம்பத்து மூணு வருஷம் கழிச்சு நக்கிப் பாத்துட்டா" என்றாள் கிளெண்டா. படிவத்தை விரலால் தட்டினாள். "அப்பிடியே எழுதிக்கோங்க."

அடுத்த மாதம் மறுபடியும் போனார்கள். ஒக்டாவியோ இரண்டு சட்டிகளைத் தானே எடுத்துவந்தார். வெர்னாவின் பக்கம்தான் முதலில் மண்டியிட்டார்.

"இது உங்களுக்குன்னே தேங்காயெண்ணெய்ல பண்ணது, மிஸ் வெர்னா. மூணு தடவ செஞ்சு பாத்தேன்."

அவள் சாப்பிட்டாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பிடி இருக்கு?" என்றாள் கிளெண்டா.

"நல்லாருக்கு."

நன்றாகத்தான் இருந்தது. அன்றைக்கு வெண்ணெய் போட்டதை இரண்டு கரண்டி தின்றிருக்காவிட்டால், இதில் என்ன இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. ஒக்டாவியோ போன பிறகு வெர்னா மெதுவாகச் சாப்பிட்டாள், கிளெண்டாவின் கரண்டி சட்டிக்கும் வாய்க்குமாகப் போய்வருவதைப் பார்த்தபடி.