போடிமெட்டுக்கு ஒரு புது பேட்டரி

மதுரையில் பஸ் ஏறும்போது காலை ஆறேகால். 1983, ஐப்பசி அடைமழை. என் கால்களுக்கு நடுவே ஒரு புது பேட்டரி இருந்தது. வெள்ளை பிளாஸ்டிக் பெட்டி. இன்னும் ஆசிட் ஊற்றாதது. போடிநாயக்கனூருக்குத் தொண்ணூறு கிலோமீட்டர். எனக்கு ஏழு ரூபாய் டிக்கெட், பேட்டரிக்கு மூன்றரை ரூபாய் லக்கேஜ். "காலி டப்பாதானே" என்றதற்குக் கண்டக்டர், "அது எடுத்துக்கிட்ட எடத்துல ஒரு ஆளு நிப்பான்ல?" என்றார். சண்டை போடும் மனநிலையில் நான் இல்லை.

போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் என் அக்காவின் கணவர் படுத்திருந்தார். மழையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஒன்பது நாள். கூடவே காய்ச்சல். மதுரைக்குக் கொண்டுபோகாவிட்டால் தேறமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜீப்பில் இரண்டு முறை ஏற்றிப் பார்த்தார்கள். இரண்டு முறையும் வாசலைத் தாண்டுமுன் மூர்ச்சை போட்டுவிட்டார். அவருடைய ஷெட்டில் அவர் அப்பா வாங்கிய பழைய இங்கிலீஷ் கார் ஒன்று நின்றது. பின்சீட்டு கட்டில் மாதிரி. ஸ்பிரிங்கும் மெத்தென்று இருக்கும். அதில் படுக்கவைத்து இறக்கலாம். எஞ்சினில் கோளாறில்லை, பேட்டரிதான் செத்துப்போயிருந்தது.

பத்து மணிக்கு போடி. ஜீப்புகளுக்கு வயரிங் பார்க்கும் கருத்தப்பாண்டி ஆசிட் ஊற்றி, சார்ஜில் போட்டார். காத்திருந்த நேரத்தில் இரண்டு இட்லி தின்றேன். மாட்டிக் கொடுக்க அவரையும் கூட்டிக்கொண்டு, மூன்று மணிக்குத் தோட்டத்து ஆட்களோடு ஜீப்பில் ஏறினோம். ஆளுக்கு மூன்று ரூபாய், இருபத்தாறு கிலோமீட்டர், பதினேழு கொண்டை ஊசி வளைவு. குரங்கணிப் பக்கத்து மலை கண்ணுக்கே தெரியவில்லை. ஒவ்வொரு குலுக்கலிலும் அத்தானின் இடுப்பை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஏழு மணி. ஷெட்டுக்கும் அவர் படுத்திருந்த அறைக்கும் நடுவே ஒரு ஜன்னல்தான். கருத்தப்பாண்டி பழைய பேட்டரியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு வயர்களைப் பார்த்துச் சிரித்தார்.

"எவனோ வெவரங்கெட்டவன் மாத்திக் கட்டிருக்கான்ணே. தடிச்ச கிளாம்ப்பு பாடி வயர்ல கெடக்கு பாருங்க."

எந்த பேட்டரியிலும் பிளஸ் முனை தடித்தது, மைனஸ் முனை மெலிந்தது. வயர் நுனியில் அவற்றைக் கவ்வும் கிளாம்ப் வளையங்களும் அந்தந்த அளவுக்கே இருக்கும். ஜீப்பில் மைனஸைத்தான் வண்டியின் உடம்போடு, அதாவது பாடியோடு, இணைப்பார்கள். போடியிலிருந்து தேவாரம் வரை ஓடும் அத்தனை ஜீப்பிலும் அப்படித்தான். கருத்தப்பாண்டியின் கைக்கு வேறு பழக்கமில்லை. பாடி வயரின் தடித்த கிளாம்ப்பை மெலிந்த மைனஸில் மாட்டினார்; தொளதொளவென்று ஆடியது. ஈயத்தகடு சுற்றி இறுக்கினார். மற்ற கிளாம்ப் பிளஸ்ஸில் ஏறவில்லை. ஸ்குரூ டிரைவரால் நெம்பி அகட்டினார்.

ஜன்னலுக்கு உள்ளிருந்து அத்தானின் குரல் வந்தது, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் நிற்பதுபோல. "ஸ்டோர்ல காய் கருகுதுடா, நெருப்பைத் தள்ளு..." கொஞ்சம் கழித்து, "பிளஸ்ஸைத்தான் பாடியில குடுக்கணும். பிளஸ்ஸை பாடியில குடுங்கடா."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அக்கா ஈரத்துணியைப் பிழிந்து அவர் நெற்றியில் போட்டாள்.

"ராத்திரியெல்லாம் இப்படித்தாம் பொலம்புறாரு தம்பி. செத்துப்போன மாமாவக் கூப்பிட்டு கணக்குக் கேக்குறாரு. நீங்க வெரசாச் சோலிய முடிங்க."

முடித்தோம். சாவியைத் திருப்பியதும் கார் ஒரே உறுமலில் கிளம்பியது. அக்கா அழுதேவிட்டாள். எனக்கும் கர்வம்தான், மறைப்பானேன்.

எட்டரைக்குப் புறப்பட்டோம். கருத்தப்பாண்டி ஓட்டினார். பின்சீட்டில் அத்தான், காலடியில் நான் குத்தவைத்து அவர் தோளைப் பிடித்திருந்தேன். அக்கா முன்னால். ஒரு முனகல்கூட இல்லாமல் வந்தார். மேலிருந்து மூன்றாவது வளைவில் கியரை மாற்றி, எஞ்சின் இரைந்தபோது பானட் இடுக்கிலிருந்து புகை வந்தது. ரப்பர் கருகும் நாற்றம். நான்காவது வளைவில் கார் நின்றது.

பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோ எரிந்துபோயிருந்தது. அந்தக் காலத்து இங்கிலீஷ் கார்களில் பலவற்றுக்கு பிளஸ்தான் பாடி. மாற்றிக் கொடுத்தால் கிளம்பும், கொஞ்ச தூரம் ஓடும், பிறகு எரியும். இதை நான் பின்னால் கேட்டறிந்தேன். கருத்தப்பாண்டிக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. மழையில் நின்று தலையில் அடித்துக்கொண்டார்.

இரண்டு மணி நேரம் நின்றோம். அத்தான் கண்ணைத் திறந்தார். தெளிந்த கண்.

"மாப்ளே, பிளஸ்ஸை எங்க குடுத்தீக?"

"பாடியிலதான் அத்தான்."

"அப்ப நின்னுருக்காதே," என்றார். பிறகு என்னைப் பார்க்கவில்லை.

ஏலக்காய் லோடு ஏற்றிவந்த ஜீப்பை நிறுத்தி, மூட்டைகள்மேல் அவரைக் கிடத்தினோம். மீதி வளைவுகளில் அவர் போட்ட சத்தத்தை நான் எழுதமாட்டேன். மதுரை ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடித்துத் தோட்டத்திலிருந்து தனியாக இறங்கினேன். நான்காவது வளைவில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொண்டேன். சக்கரங்களுக்கு நாங்கள் கொடுத்த கல்லோடு கார் நின்றபடியே நின்றது. மதுரையில் என் வீட்டுத் தெருவில் இப்படி ஒரு வண்டி நின்றால் இதற்குள் கண்ணாடி போயிருக்கும். இங்கே யாரும் தொடவில்லை. பானட்டைத் தூக்கினேன். கிளாம்ப்புகளைக் கழற்றி, ஈயத்தகட்டை உருவிப் பள்ளத்தில் எறிந்தேன். பாடி வயரின் தடித்த கிளாம்ப்பை எடுத்து பிளஸ்ஸில் வைத்தேன். எதையும் சுற்றவோ நெம்பவோ வேண்டியிருக்கவில்லை. அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது.